சத்தம் நிற்கிற வரைக்கும்

ஜூலை 1, செவ்வாய்

இந்த நோட்டில் வேலைக் குறிப்பு மட்டும்தான் எழுதுவேன். எந்த ஆபீஸ், என்ன கோளாறு, என்ன செய்தேன், எத்தனை மணிக்குக் கிளம்பினேன். இந்த மாதம் திட்டுவதற்கும் இதுதான் இடம். வீட்டில் திட்டினால் நிர்மலா, "ஆபீஸ் கோபத்த சோத்துத் தட்டுக்குக் கொண்டு வராத" என்கிறாள்.

இடம்: தென்னூர் ஒலி நூலகம். பார்வையற்றவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து, மெமரி கார்டில் ஏற்றித் தருகிறார்கள். அத்தனை பதிவும் ஒரே சர்வரில். நாலு வருஷமாக அதைப் பார்த்துக்கொள்வது நான். போன மாதம் இருபதாம் தேதி பழைய டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டுப் புதிதாக இரண்டு போட்டு, சிஸ்டத்தையும் புதிதாக ஏற்றினேன். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்கு. ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அன்றிலிருந்து, காலையில் சர்வரைப் போட்டதும் அதற்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இரண்டு டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று முதல் பக்கத்திலிருந்து ஒத்துப்பார்க்க உட்கார்ந்துவிடுகிறது. ரீசிங்க். ஐந்து மணி நேரம். அதுவரை மற்ற வேலையெல்லாம் நொண்டும். பத்து நிமிடத்தில் ஏறின கார்டு இப்போது ஒரு மணி நேரம் எடுக்கிறது. அடுத்த மாதம் ஆசிரியர் தேர்வு. கார்டு வாங்க வந்தவர்கள் வராந்தா முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

செயலாளர் கோதண்டம் சார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், வந்து நின்றார்.

"புது டிஸ்க் போட்டா வேகமா ஓடும்னு சொன்னீங்களே, சகாயம்."

"ஓடும் சார்."

"எப்ப?"

இருபத்தாறாம் தேதி கமிட்டிக் கூட்டமாம். அதற்குள் சரியாக வேண்டுமாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ரூம்ல கண்ணு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா இந்தத் தொல்லையெல்லாம் வராது. கூட்டத்துல பேசிடலாம்னு இருக்கேன்" என்றார். தாழ்த்தி என்ன பிரயோஜனம்? தனபாலன் இரண்டு கை தூரத்தில் கார்டு ஏற்றிக்கொண்டிருந்தார். காலை ஒன்பதுக்குத் திறந்து சாயங்காலம் ஆறுக்குப் பூட்டுகிறவர் அவர்தான். பிறவியிலேயே பார்வை இல்லை. ஒன்பது வருஷமாக இங்கே. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், எல்லாம் இந்த வேலையை நம்பித்தான்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் வேலை சர்வர்.

ஜூலை 2, புதன்

ஒன்பதுக்கே போய் நின்றேன். தனபாலன் பட்டனை அழுத்தினார். சர்வர் எழுந்தது. ரீசிங்க், 0.3 சதவீதம்.

இரண்டே காலுக்கு முடிந்தது. விசைப்பலகையில் கட்டளை கொடுத்து அணைத்துவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்து போட்டேன். சுத்தம். மறுபடி அணைத்தேன், இன்னொரு டீ, போட்டேன். சுத்தம். மூன்றாவது டீக்கும் சுத்தம். வயிறுதான் சுத்தமில்லை.

நான் இருக்கும்போது யோக்கியமாக இருக்கிறது. நான் கிளம்பியதும் வேலையைக் காட்டுகிறது.

ஜூலை 3, வியாழன்

ரீசிங்க்.

யுபிஎஸ்தான் என்று முடிவு செய்தேன். பேட்டரி மாற்றினேன். தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டர் பின் பிரேக்கும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியது எதுவும் பிடிப்பதில்லை.

ஜூலை 4, வெள்ளி

மறுபடியும்.

ஜூலை 5, சனி

தனபாலன் லீவு. மணப்பாறையில் மைத்துனி மகளுக்குக் காதுகுத்து. நானே திறந்தேன். ரீசிங்க் முடிந்ததும் டிஸ்க் கேபிள் இரண்டையும் மாற்றினேன். பழையதில் ஒன்று லேசாக வளைந்திருந்தது. அதுதான், வேறென்ன?

ஆறு மணிக்கு நானே அணைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். கட்டடக்காரர் ஆறரைக்கு மெயினை இறக்கிவிடுவார். அவர் இறக்குவதற்குள் அணைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

ஜூலை 7, திங்கள்

ரீசிங்க் இல்லை!!

இல்லவே இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். கேபிள்! ஐம்பது ரூபாய் பெறாத கேபிள்! "தனபால், கேபிள்தாங்க!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். வராந்தாவில் இருந்தவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். கோதண்டம் சாருக்குச் செய்தி அனுப்பினேன்: "பிரச்சினை முடிந்தது." கட்டை விரல் படமும் சேர்த்து.

வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன்.

ஜூலை 8, செவ்வாய்

ரீசிங்க்.

கோதண்டம் சார்: "நேத்து முடிஞ்சிடுச்சுன்னு போட்டிருந்தீங்களே. கட்ட விரல் எல்லாம் போட்டு."

அல்வா மீதம் இருக்கிறது. யாரும் அதை என் கண்ணில் காட்டாமல் இருந்தால் நல்லது.

ஜூலை 10, வியாழன்

டிஸ்க் ஒன்றைக் கழற்றி சிங்காரத்தோப்புக்குக் கொண்டு போனேன். கடைக்கார பாஷா பாய் போட்டுப் பார்த்துவிட்டு, "டிஸ்க் ஜம்முனு இருக்கு சார். வேற எதாச்சும் பாருங்க" என்றார். பார்க்காமலா வந்தேன்? சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தேன்.

திருகாணிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது தனபாலன் பக்கத்தில் வந்தார்.

"சார், அந்த டிஸ்க் சத்தம் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"புது டிஸ்க் சத்தம் போடும்தாங்க. கொஞ்சம் இருங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்."

போய்விட்டார். எட்டுத் திருகாணி இருக்க வேண்டும், ஏழுதான் இருந்தது. பேச்சுக் கொடுத்தால் இப்படித்தான்.

ஜூலை 14, திங்கள்

மாற்றின டிஸ்க்கோடும் ரீசிங்க். சர்வரைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன். வராந்தாவில் ஒரு அம்மா, "யாரு சார் வந்திருக்கா?" என்று கேட்டார்.

நிர்மலா கேஸ் சிலிண்டர் பதிவு செய்யச் சொன்னாள். மறந்துவிட்டேன். நிஜமாகவே அழுகை வருகிறது. நாற்பத்து நாலு வயதில் ஒரு தகரப் பெட்டிக்காக.

ஜூலை 15, செவ்வாய்

இன்று உட்கார்ந்து லாக் முழுவதையும் படித்தேன். சர்வர் நிமிடத்துக்கு நிமிடம் தன் ஜாதகத்தைத் தானே எழுதிவைக்கிற இடம் அது. முதலிலேயே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை, சரி.

முறையாக அணைந்தால் கடைசியில் எல்லாம் முடிந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் படுக்கும். ரீசிங்க் வந்த நாட்களுக்கு முந்தைய சாயங்காலம் எதிலும் அந்த வரி இல்லை. 6.04, 6.05, 6.03. பாதியில் அறுந்து கிடக்கிறது. அதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருக்கிறது. எழுதிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினால் மறுநாள் அவன் எல்லாவற்றையும் சரிபார்க்கத்தானே செய்வான்?

ஆறு மணிக்கு அந்த அறையில் இருப்பது ஒரே ஒருவர்.

"தனபால், சாயங்காலம் பிளக்கப் புடுங்குறீங்களா?"

"இல்ல சார். பட்டன்லதான் நிறுத்துறேன்."

"நெசமா?"

"நெசமா சார். பிளக் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

பட்டனில் நிறுத்தினால் இப்படி வராது. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தெரியாமல் காலில் ஒயர் பட்டிருக்கும், அல்லது அவசரம். ஒத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? பதினைந்து நாளாக பேட்டரி, கேபிள், டிஸ்க் என்று நான் பைத்தியமாக அலைந்தது இதற்காகத்தானா!

ஜூலை 16, புதன்

செயலாளருக்கு அறிக்கை தட்டச்சு செய்து கொடுத்தேன். மதியம் முழுக்க இதற்கே போயிற்று. "ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணியளவில் சர்வர் முறையின்றி அணைக்கப்படுகிறது. இதற்கு மூடிச் செல்பவரே பொறுப்பு." மற்றவை வழக்கமான வரிகள்தான். பெயர் எழுதவில்லை.

கேஸ் பதிவு செய்தாயிற்று.

ஜூலை 17, வியாழன்

ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து தனபாலனுக்கு வேலை இல்லை. கமிட்டி கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. கோதண்டம் சாரே வராந்தாவில் வைத்துச் சொன்னார். "அவர்கிட்ட ஒரு புகார் வந்திருக்குன்னு மட்டும் சொன்னேன். யாரு எழுதினதுன்னு சொல்லல. கவலப்படாதீங்க." நான் கவலைப்பட்டதாக அவரிடம் சொல்லவில்லையே.

வேலையை விட்டு எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. கோளாறு எங்கே என்று கேட்டார்கள், எழுதினேன். அவ்வளவுதான்.

தனபாலன் வழக்கம்போல எனக்குக் காபி வாங்கி வரச் சொன்னார். சர்க்கரை கம்மியாக என்றும் மறக்காமல் சொல்லி அனுப்பினார்.

நிர்மலாவிடம் சொன்னேன். "அவரு புடுங்கினத நீ கண்ணால பாத்தியா?" என்றாள். லாகில் இருக்கிறது என்றேன். "அவரு பேரு இருக்கா அதுல?" என்றாள். இவளுக்கு கம்ப்யூட்டர் தெரியாது.

ஜூலை 18, வெள்ளி

நூலகத்தில் ஆறரை வரை இருந்தேன். எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 19, சனி

இருக்கிறது.

நேற்று ஐந்தே முக்காலுக்கு எல்லோரிடமும் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, சர்வர் அறை மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டேன். கையும் களவுமாகப் பிடிக்க. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். கண் தெரியாதவர் முன்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தேன் என்று எழுதும்போதே கை கூசுகிறது.

ஆறு மணிக்கு தனபாலன் உள்ளே வந்தார். சர்வர் முன்னால் நின்றார். "சார், பூட்டப் போறேன். நீங்க இன்னும் இருக்கப் போறீங்களா?" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. "இல்ல, நீங்க நிறுத்துங்க" என்றேன். செருப்பை மெதுவாகக் கீழே வைத்தேன்.

பட்டனை ஒருமுறை அழுத்தினார். உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு மெல்ல எண்ணினார். ஒன்று, இரண்டு என்று அறுபது வரை. பெட்டிக்குள் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. அறுபது ஆனதும் பட்டனில் விரலை வைத்து அழுத்தினார், எடுக்கவில்லை. நாலு வினாடி. விசிறி செத்தது. யுபிஎஸ் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

அப்படிப் பிடித்து அழுத்துவதும் பிளக்கைப் பிடுங்குவதும் ஒன்றுதான்.

"யாருங்க உங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" கத்திவிட்டேன்.

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "நீங்கதான் சார்" என்றார். "தப்பா கேட்டுக்கிட்டேனான்னு எனக்கும் சந்தேகம். அதான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்." போனை எடுத்தார். நாம் தாளில் குறித்துக்கொள்வதுபோல அவர் சொல்வதைப் பதிவு செய்துகொள்வார். எல்லாவற்றையும். நாலு வருஷத்துக்கு முந்தைய பதிவு. தெருவில் ஹாரன் சத்தம், நடுவில் என் குரல்:

"பட்டன ஒரு தடவ அமுக்குங்க. ஒரு நிமிஷம் பாருங்க. சத்தம் நிக்கலன்னா, நிக்கிற வரைக்கும் அமுக்கிப் புடிங்க. அவ்ளோதான். இதுக்கு மேல என்னத்தச் சொல்றது? எனக்கு அடுத்த எடத்துக்குப் போவணும்."

என் குரல் அவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பழைய சிஸ்டம் இருபது வினாடியில் அணைந்துவிடும். அறுபது எண்ண வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. நான் புதிதாக ஏற்றியது ஒன்றரை நிமிடம் எடுக்கிறது. நான் அணைத்த நாட்களில் டீக்கடைக்கோ வீட்டுக்கோ கிளம்பிவிட்டேன், அதனால் கவனிக்கவில்லை. இவர் நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறார்.

பட்டன் அழுத்தப்பட்டது என்று லாகில் ஒரு வரி இருக்கிறது. செவ்வாய்க்கிழமையே படித்தேன். படித்துவிட்டுத்தான் பிளக் என்று முடிவுகட்டி எழுதிக் கொடுத்தேன்.

"நீங்க பூட்டிட்டுப் போனா மறுநாள் அந்தச் சத்தம் வர்றதில்ல சார்" என்றார் தனபாலன். "காலைல போட்டதும் உள்ள கொறகொறன்னு மத்தியானம் வரைக்கும் ஒரு சத்தம் வரும். காதுகுத்துக்குப் போய்ட்டு வந்தேன்ல, அந்தத் திங்கக்கிழம அது இல்ல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேபிள்னு சொன்னீங்க. ரொம்ப சந்தோசமா இருந்தீங்க. அப்புறம் ஒரு நாள் சொல்ல வந்தேன். எண்ணிக்கிட்டிருந்தீங்க."

புகாரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

கோளாறு: பழைய டிஸ்க்குகளோடு ஒரு பெட்டியையும் கழற்றிப் போட்டேன். இரவில் நகல் எடுத்துவைக்கிற பெட்டி. பெட்டி போய்விட்டது, அதைத் தேடச் சொல்லும் ஒரு வரி புது சிஸ்டத்திலும் வந்து உட்கார்ந்துவிட்டது. அணையும்போதெல்லாம் சர்வர் இல்லாத பெட்டிக்காக ஒன்றரை நிமிடம் காத்திருக்கிறது. என்ன செய்கிறது, இன்னும் எத்தனை வினாடி என்று திரையில் கொட்டை எழுத்தில் போடவும் செய்கிறது. ஒரு மாதமாக ஒவ்வொரு சாயங்காலமும் போட்டிருக்கிறது, தனபாலன் முன்னால்.

அந்த வரியை நீக்கினேன். இப்போது பன்னிரண்டு வினாடி.

இனிமேல் எவ்வளவு நேரமானாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள் என்று தனபாலனிடம் சொன்னேன். "இருங்க சார்" என்று போனை எடுத்தார். நாலு தடவை சொன்னேன். நாலாவதில்தான் மனுஷக் குரல் வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

சுத்தம்.

ஜூலை 23, புதன்

சுத்தம். கார்டுகள் பத்து நிமிடத்தில் ஏறுகின்றன. வராந்தா பாதி காலி.

சரியாகிவிட்டதால் கோதண்டம் சார் அந்த விஷயத்தை விட்டுவிடுவார். கூட்டத்தில் இதையெல்லாம் கிளற வேண்டியிருக்காது.

ஜூலை 25, வெள்ளி

விடவில்லை.

"சரியாயிடுச்சு சார், சிஸ்டத்துல ஒரு சின்ன அமைப்பு மாறியிருந்தது" என்று பட்டும் படாமலும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். "நோட்டீஸ் குடுத்ததும் ஒழுங்கா நிறுத்துறார், பாத்தீங்களா? உங்க லெட்டர் வேலை செய்யுது." ஒன்றாம் தேதி வருவதற்கு ஒரு பெண்ணிடம் சொல்லியாயிற்றாம். அவருடைய பழைய வங்கி மேலாளரின் மருமகள். கண் நன்றாகத் தெரியுமாம்.

நான் சரிசெய்ததே தனபாலன் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. நாளைக்குக் கூட்டம். இந்த நூலகம் தவிர, கோதண்டம் சார் சிபாரிசில் எனக்குக் கிடைத்த ஆபீஸ் இன்னும் மூன்று. நிர்மலாவிடம் அதைச் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "நீ பண்ணதுக்கு அவரு வீட்டுல அடுப்பு அணையணுமா?" என்றாள்.

ஜூலை 26, சனி

கூட்டம் பதினோரு மணிக்கு. ஐந்து பேர். தனபாலனையும் கூப்பிட்டு வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

கோதண்டம் சார் என் கடிதத்தை எடுத்தார். "தொழில்நுட்ப அறிக்கை ஒண்ணு வந்திருக்கு" என்று ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன்.

என்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. அந்தக் கடிதம் எழுதியது நான் என்றேன். அது தப்பு என்றேன். அமுக்கிப் பிடிக்கச் சொன்னதும் நான், அணைய நேரமாகும்படி சிஸ்டத்தை ஏற்றியதும் நான், தனபாலன் சொன்னதைச் செய்தார், செய்ததை மறைக்காமல் என்னிடம் சொன்னார், நான்தான் நம்பவில்லை என்றேன். தனபாலன் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப எதுக்கு இப்படி எழுதிக் குடுத்தீங்க?" கோதண்டம் சார் முகம் சிவந்துவிட்டது.

"கோவத்துல சார்."

கமிட்டியில் ஜெயசீலி டீச்சர் இருக்கிறார். அவருக்கும் பார்வை கிடையாது. "இங்க எல்லா மேசைலயும் திரையப் படிச்சுச் சொல்ற மென்பொருள் இருக்கு. சர்வர்ல ஏன் இல்ல?" என்று கேட்டார்.

"யாரும் கேக்கல மேடம்."

"நீங்க யாரையாவது கேட்டீங்களா?"

இல்லை. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட.

தனபாலன் வேலை அவருக்கே. டீச்சர் கேட்டார், நாலு பேர் கை தூக்கினார்கள், கடைசியாகக் கோதண்டம் சாரும் தூக்கினார். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு சரி. மற்ற மூன்று ஆபீஸையும் இனி நம்ப முடியாது. "இதை நீங்களே வச்சுக்குங்க" என்று கோதண்டம் சார் கடிதத்தை என் முன்னால் தள்ளினார்.

அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சர்வர் அறைக்குப் போனேன். பேசும் மென்பொருளை ஏற்றிவிட்டுத்தான் கிளம்புவது என்று இருந்தேன். தனபாலன் பின்னால் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"எழுதினது நீங்கன்னு தெரியும் சார்" என்றார். "அன்னைக்கு மத்தியானம் பூரா டைப் அடிச்சீங்க. இங்க உங்களுக்கு அவ்வளவு டைப் அடிக்கிற வேலை கிடையாது."

"தனபால்..."

"என்ன எழுதியிருக்குன்னுதான் இன்னும் தெரியாது. யாரும் படிச்சுக் காட்டல. நீங்க படிங்க."

"அது எதுக்குங்க இப்ப? முடிஞ்சு போச்சு."

"எம்மேல எழுதினது சார். நான் கேக்க வேணாமா?"

எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். நான் கடிதத்தைப் பிரித்தேன். ஒன்பது வரி. தேதி, பெறுநர் எல்லாவற்றையும் படித்தேன். ஆறு மணி, முறையின்றி, மூடிச் செல்பவரே பொறுப்பு.

"அது நான்தான?"

"ஆமாம்."

"ம்."

அடுத்த வரியில் நிறுத்திவிட்டேன். இந்த நோட்டில்கூட அதை எழுதவில்லை. வழக்கமான வரிகள் என்று எழுதியிருக்கிறேன். அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடலாம், அவருக்குத் தெரியவா போகிறது என்று ஒரு கணம் நினைத்தேன்.

படித்தேன். "பார்வையற்ற ஒருவரிடம் இத்தகைய பொறுப்பை விடுவது நூலகத்துக்குப் பாதுகாப்பானதன்று என்பது என் கருத்து."

தனபாலன் தலையசைத்தார்.

"இன்னும் எத்தன வரி சார்?"

"ரெண்டு."

"படிங்க."

படித்தேன்.